கெட்: பொருளைத் தேடாதீர்கள், பின்னால் வருவதைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற வினைக்கு அகராதியைத் திறந்தால் பெறு, வாங்கு, கொண்டு வா, ஆகு, போய்ச் சேர், புரிந்துகொள் என்று பொருள்கள் நீண்டுகொண்டே போகின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? ஒரு வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மனப்பாடம் வேண்டாம். அகராதி எழுதியவர்களே இந்த வினையிடம் திணறியிருக்கிறார்கள். 1755இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், பிடி கொடுக்காத பொருளுடைய சில வினைகளால் தன் வேலை பெருகிப்போனது என்று முன்னுரையில் அலுத்துக்கொண்டார். கிவ், டூ, புட், செட், கோ, ரன், மேக், டேக் ஆகியவற்றோடு கெட்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இவை தனியாக நின்றால் பெரிதாக எதுவும் சொல்லாத வினைகள். பின்னால் வரும் சொல்லோடு சேர்ந்துதான் பொருள் தரும். அதனால் கெட்டைப் பார்த்ததும் ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்காமல், ‘இதற்குப் பின்னால் என்ன வந்திருக்கிறது?’ என்று பாருங்கள். பெயர்ச்சொல்லா, பெயரடையா, இடமா, இன்னொரு வினையா? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குத் தமிழே கைகொடுக்கும். ‘எனக்கு’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களை நினைத்துப் பாருங்கள். எனக்குக் கடிதம் வந்தது. எனக்கு வேலை கிடைத்தது. எனக்குச் சளி பிடித்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் பழகிவிட்டது. தமிழில் வினை ஒவ்வொன்றிலும் மாறுகிறது: வந்தது, கிடைத்தது, பிடித்தது, புரிந்தது. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே வினை போதும். ஐ காட் அ லெட்டர், ஐ காட் அ ஜாப், ஐ காட் அ கோல்ட், ஐ காட் ஆங்ரி, ஐ காட் இட், ஐ காட் யூஸ்ட் டு இட். தமிழ் ‘எனக்கு’ என்று ஆளை நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்ததை எழுவாயாக்குகிறது. ஆங்கிலம் ஆளை எழுவாயாக்கிவிட்டு, ‘அவர் எதுவும் செய்யவில்லை, அவருக்கு நேர்ந்தது’ என்பதைக் கெட்டின் தலையில் கட்டுகிறது. கடிதம் வருவதற்கு நீங்கள் ஒரு முயற்சியும் செய்யவில்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் எழுவாய் நீங்கள்தான்.

‘எனக்கு’ வருகிற எல்லா இடத்திலும் இது பொருந்தாது. ‘எனக்கு இரண்டு தம்பிகள்’ என்பது இருக்கும் நிலை, அதற்கு ஹேவ். ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்பதற்கு நோ. ஏதோ ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது, ஒரு நிலை மாறியது என்ற அசைவு இருந்தால்தான் கெட். நான் பார்த்தவரை, கெட்டின் எல்லாப் பொருள்களிலும் மாறாமல் இருப்பது இந்த அசைவு ஒன்றுதான்.

இந்த வினையின் வேரும் இதற்கு ஒத்துப்போகிறது. கெட் ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வந்த சொல். ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’விலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் இதன் உறவுச் சொல் தனியாகப் புழங்கவில்லை, வேறு சொற்களோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. இன்றைய ‘ஃபர்கெட்’ அப்படி ஒட்டிப் பிழைத்த ஒன்று: பிடித்ததைக் கைநழுவ விடுவது, அதாவது மறப்பது. இன்னும் பின்னால் போனால் வேர்ப்பொருள் ‘பிடி’ என்பதுதான். லத்தீனில் பிடித்தலைக் குறிக்கும் ‘ப்ரெஹெண்டெரே’ இதே வேரிலிருந்து வந்தது என்பது மொழியியலாளர் கருத்து. புரிந்துகொள்வதைக் குறிக்கும் ‘காம்ப்ரிஹெண்ட்’ அதன் வழி வந்ததே. கையால் பிடித்தது மனத்தால் பிடித்ததாக ஆகிவிட்டது. நமக்கு இது புதிதா என்ன? திருடன் பிடிபட்டான் என்கிறோம், கணக்கு இப்போதுதான் பிடிபட்டது என்றும் சொல்கிறோம். ‘ஐ கெட் இட்’ என்றால் ஏன் ‘புரிகிறது’ என்று இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, பின்னால் வருவதைப் பார்க்கலாம்.

பெயர்ச்சொல் வந்தால் எளிது. ஒன்று வந்து சேர்கிறது, அல்லது போய்க் கொண்டு வருகிறீர்கள். ‘கெட் மீ சம் வாட்டர்’ என்றால் தண்ணீர் கொண்டு வா. மணி அடிக்கும்போது ஒருவர் ‘ஐல் கெட் இட்’ என்று எழுந்தால், நான் போய்ப் பார்க்கிறேன் என்று அர்த்தம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பொருளில் கெட்டுக்குச் செயப்படுபொருள் கட்டாயம். தமிழில் ‘கிடைத்ததா?’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்டுவிடலாம். அதே பழக்கத்தில் ‘டிட் யூ கெட்?’ என்று நிறுத்துபவர்கள் நிறையப் பேர். ஆங்கிலக் காதுக்கு அந்த வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். ‘டிட் யூ கெட் இட்?’ என்று அந்தச் சின்ன ‘இட்’டையும் சேர்த்தால்தான் முடியும்.

பெயரடை வந்தால் பொருள் ‘ஆகு’. இட்ஸ் கெட்டிங் டார்க், இருட்டிக்கொண்டு வருகிறது. ஹி காட் டயர்ட், களைத்துப்போனார். இங்கே கெட்டுக்கும் ‘பி’ வினைக்கும் (ஆம், இஸ், வாஸ்) உள்ள வேறுபாடு முக்கியம். ‘ஐ ஆம் மேரிட்’ என்றால் திருமணமானவன் என்ற நிலை. ‘ஐ காட் மேரிட் இன் 2015’ என்றால் அந்த ஆண்டில் நடந்த நிகழ்ச்சி. தமிழில் ‘கல்யாணம் ஆகிவிட்டது’ என்ற ஒரே வாக்கியம் இரண்டுக்கும் ஓடும். ஆங்கிலத்தில் எந்த ஆண்டு என்று சொல்ல வந்தால் கெட் பக்கம் போக வேண்டும்.

‘ஆகு’ என்றதும் எல்லா ‘ஆகு’வுக்கும் கெட்டைப் போட்டுவிடக் கூடாது. ‘அவள் டாக்டர் ஆனாள்’ என்பதை ‘ஷி காட் அ டாக்டர்’ என்று சொன்னால் வாக்கியம் இலக்கணப்படி சரிதான், ஆனால் அவள் போய் ஒரு டாக்டரை அழைத்து வந்தாள் என்று பொருளாகிவிடும். பின்னால் பெயர்ச்சொல் வந்துவிட்டதே! அங்கே ‘பிகேம்’தான் வேண்டும். நிறம் மாறினால் ‘டர்ன்’: இலை மஞ்சளானது என்பதற்கு ‘டர்ன்ட் யெல்லோ’. சாப்பாடு கெட்டுப்போனால், தலை வழுக்கையானால், காது கேட்காமல் போனால் ‘கோ’: வென்ட் பேட், வென்ட் பால்ட், வென்ட் டெஃப். தமிழிலும் கெட்டுப்போனது, செவிடாகிப்போனது என்று ‘போ’ வந்து ஒட்டிக்கொள்வதைப் பாருங்கள். கெடுகிற பக்கம் போகும் மாற்றத்துக்கு இரண்டு மொழிகளுமே ‘போ’வைத்தான் கூப்பிடுகின்றன.

இடம் வந்தால் ‘போய்ச் சேர்’. ‘கெட் டு த ஸ்டேஷன்’ என்பதில் ‘டு’ உண்டு. ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் ‘டு’ கிடையாது: காட் ஹோம், காட் ஹியர், காட் தேர். ‘போய்ச் சேர்ந்தாயா?’ என்று கேட்பதற்கு நம்மில் பலர் ‘ஹேவ் யூ ரீச்ட்?’ என்கிறோம். இந்திய ஆங்கிலத்தில் இது நன்றாகவே ஓடுகிறது. வெளியே உள்ளவர்களுக்கு ‘ரீச்’சுக்குப் பின்னால் ஓர் இடம் வேண்டும். அவர்கள் கேட்பது ‘டிட் யூ கெட் ஹோம் ஓகே?’ அல்லது ‘டிட் யூ கெட் தேர்?’ வழி கேட்பதற்கும் ‘ஹவ் டூ ஐ கெட் தேர்?’தான் இயல்பு.

வண்டி ஏறுவதும் இறங்குவதும் இதே குடும்பம்தான். பஸ், ரயில், விமானம் என்றால் கெட் ஆன், கெட் ஆஃப். கார், டாக்ஸி என்றால் கெட் இன், கெட் அவுட். உள்ளே நிமிர்ந்து நடக்க முடிகிற வண்டிக்கு ஆன், குனிந்து நுழைகிற வண்டிக்கு இன் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. சைக்கிளும் குதிரையும் ஆன் பக்கம், ஏனென்றால் மேலே ஏறித்தான் உட்கார வேண்டும். ‘இறங்கு’ என்ற சொல்லில் கீழ்நோக்கிய அசைவு இருப்பதால் நாம் ‘கெட் டவுன் ஃப்ரம் த பஸ்’ என்கிறோம். ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவதற்குத்தான் கெட் டவுன் பொருந்தும். பஸ்ஸுக்கு அதைச் சொன்னால் கேட்பவர் கூரை மேலிருந்து இறங்கியதாகக் கற்பனை செய்யக்கூடும்.

இதுவரை பார்த்தது தரைப்பகுதி. மேடு தொடங்குவது கெட்டுக்குப் பின்னால் இன்னொரு வினை வரும்போதுதான். தமிழர்கள் அதிகம் தடுமாறுவதும் அங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் செயப்பாட்டு வினை. ஹி வாஸ் அரெஸ்டட், ஹி காட் அரெஸ்டட். இரண்டும் ‘கைது செய்யப்பட்டார்’தான். ஆனால் இரண்டாவதில் பேச்சு வாடை இருக்கிறது, ‘அவருக்கு இப்படி ஆகிவிட்டது’ என்ற தொனியும் இருக்கிறது. நம்முடைய ‘மாட்டிக்கொண்டார்’, ‘அடிபட்டார்’, ‘ஏமாந்துபோனார்’ எல்லாம் இந்த வகை. ஹி காட் காட், மாட்டிக்கொண்டான். தமிழ் எழுத்தில் இரண்டு சொல்லும் ஒன்றாகத் தெரியும், ஆனால் முதலாவது கெட்டின் இறந்தகாலம், இரண்டாவது ‘கேட்ச்’சின் மூன்றாம் வடிவம். நல்லது நடந்தாலும் இதே அமைப்பு வரும்: ஷி காட் ப்ரமோட்டட். ஏதோ ஒரு சம்பவம் நேர வேண்டும், அவ்வளவுதான். சம்பவமே இல்லாத நிலைகளுக்கு இது ஒட்டாது. ‘அவர் எல்லோராலும் அறியப்பட்டவர்’ என்பதற்கு ‘இஸ் நோன்’ என்று சொல்லலாம், ‘காட் நோன்’ என்று சொன்னால் இடறும். ‘ஹி காட் ஹிம்செல்ஃப் அரெஸ்டட்’ என்று ‘ஹிம்செல்ஃப்’ நடுவில் வந்துவிட்டால் தொனி இன்னும் மாறும்: தானே வம்பைத் தேடிக்கொண்டார்.

அடுத்தது, பிறரை வைத்துச் செய்துகொள்வது. தமிழில் ‘போனை ரிப்பேர் பண்ணினேன்’, ‘முடி வெட்டினேன்’ என்று சொன்னால், நீங்களே செய்தீர்களா இன்னொருவரிடம் கொடுத்துச் செய்தீர்களா என்று யாரும் குடைய மாட்டார்கள். ஆங்கிலம் குடையும். ‘ஐ ரிப்பேர்ட் மை ஃபோன்’ என்றால் ஸ்க்ரூடிரைவர் உங்கள் கையில் இருந்தது. ஆள் வைத்துச் செய்ததற்கு ‘ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்’. ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னால் கண்ணாடி முன் நின்று நீங்களே வெட்டிக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதுதான் சலூன் கதை. வரிசை முக்கியம்: கெட், பிறகு செயப்படுபொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். செயப்படுபொருளும் வினையும் இடம் மாறினால் இந்த அமைப்பே உடைந்துபோகும்.

ஆளைக் குறிப்பிட்டால் வேறு அமைப்பு. ‘அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன்’ என்ற தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எப்படிப் போட வைத்தீர்கள் என்பதைத் தமிழ் சொல்வதில்லை. ஆங்கிலம் மூன்றாகப் பிரிக்கிறது. ‘ஐ காட் ஹிம் டு சைன்’ என்றால் பேசி, கெஞ்சி, எப்படியோ சம்மதிக்க வைத்தேன். ‘ஐ மேட் ஹிம் சைன்’ என்றால் வேறு வழியில்லாமல் செய்தேன், அதில் வற்புறுத்தல் இருக்கிறது. ‘ஐ ஹேட் ஹிம் சைன்’ என்றால் அது வழக்கமான நடைமுறை, சொன்னேன், போட்டார். அலுவலக மின்னஞ்சலில் மேலதிகாரியைப் பற்றி ‘மேட்’ என்று எழுதிவிட்டு, பிறகு ஏன் அவர் முகம் சுளிக்கிறார் என்று யோசிக்கும் நிலை வேண்டாம். மூன்றிலும் கெட்டுக்கு மட்டும்தான் ‘டு’ தேவை. மேக்குக்கும் ஹேவுக்கும் அதைச் சேர்த்தால் பிழை.

பிறகு, ஆள் இல்லாமல் நேராக ‘கெட் டு’ வந்து, அதற்குப் பின்னால் வினை வரும் இடம். இதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. ‘ஐ கெட் டு ட்ராவல்’ என்றால் எனக்குப் பயணம் செய்ய வாய்ப்புக் கிடைக்கிறது, கொடுத்துவைத்தவன். ‘ஐவ் காட் டு ட்ராவல்’ என்றால் போயே தீர வேண்டும், தப்பிக்க வழியில்லை. ஒன்று வரம், மற்றது கட்டாயம். நடுவில் இருக்கும் ‘ஹேவ்’ பேச்சில் பாதி விழுங்கப்படும், சில சமயம் முழுவதுமே காணாமல் போகும். ‘காட் டு’ என்பது ‘காட்டா’ ஆகிவிடும். கேட்கும்போது குழப்பம் வந்தால் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் ஒரு துப்பு உண்டு. நேற்று, சென்ற வாரம் என்று கடந்த காலம் பேசும்போது ‘காட் டு’ வந்தால் அது வாய்ப்புதான். கடந்த காலக் கட்டாயத்துக்கு ‘ஹேட் டு’ வரும்.

இந்த ‘காட் டு’வில் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. ‘அவர் ராஜினாமா செய்துவிட்டார் என்று தெரியவந்தது’ என்பதை நாம் ‘ஐ காட் டு நோ தட் ஹி ரிசைன்ட்’ என்போம். தெரியவந்தது என்பதன் அச்சு அசலான நகல் மாதிரித் தோன்றும். ஆனால் பொது ஆங்கிலத்தில் ‘கெட் டு நோ’ என்பது பெரும்பாலும் ஒருவரோடு மெல்ல மெல்லப் பழகி அறிந்துகொள்வதைத்தான் குறிக்கும். ஒரு செய்தி காதுக்கு வந்ததற்கு ‘ஐ ஹேர்ட்’ அல்லது ‘ஐ ஃபவுண்ட் அவுட்’ போதும்.

இப்படி இடம் மாறிப்போன இன்னும் சில உண்டு. ‘த மீட்டிங் காட் ஓவர்’ என்று நாம் தினமும் சொல்கிறோம். பொது வழக்கில் கூட்டம் ‘எண்டட்’ அல்லது ‘இஸ் ஓவர்’. ‘கெட் ஓவர்’ என்றால் நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீண்டு வருவது. ‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’ என்பதற்குப் பதில் ‘ஐ டோன்ட் கெட் யூ’ அல்லது ‘ஐ டோன்ட் ஃபாலோ’. புரிதல் என்ற பொருளில் கெட்டைத் தொடர் நிகழ்காலத்தில் போடுவது வழக்கமில்லை. ‘ஐ ஆம் நாட் கெட்டிங் ஸ்லீப்’ என்பது ‘தூக்கம் வரவில்லை’யின் நிழல், அங்கே ‘ஐ கான்ட் ஸ்லீப்’. ‘எனக்கு’ சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதற்குத் தூக்கமே சாட்சி. இவற்றையெல்லாம் குற்றமாக நான் பார்க்கவில்லை. இந்திய ஆங்கிலம் பேசும் இருவருக்கு இடையில் இவை தடையின்றிப் போய்ச் சேரும். தேர்வு எழுதும்போதும் வெளிநாட்டவரோடு பேசும்போதும் மட்டும் கவனம் போதும்.

ஆன், ஓவர், பை, அக்ராஸ் போன்ற சின்னச் சொற்கள் ஒட்டி வரும் தொடர்களைத் தனித்தனியாகத்தான் கற்க வேண்டும், குறுக்கு வழி இல்லை. ஆனாலும் ஒட்டும் சொல்லின் திசையை மனத்தில் வரைந்து பார்த்தால் பலவற்றை ஊகிக்கலாம். கெட் அக்ராஸ்: சொல்ல வந்தது எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்கிறது, அதாவது கேட்பவருக்குப் புரிகிறது. கெட் பை: பெரிதாக ஒன்றுமில்லாவிட்டாலும் எப்படியோ காலத்தை ஓட்டுவது. கெட் அவே வித்: தப்பைச் செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் நழுவுவது. கெட் ரவுண்ட் டு: தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த வேலைக்கு ஒருவழியாக வந்து சேர்வது. ‘வாட் ஆர் யூ கெட்டிங் அட்?’ என்று ஒருவர் கேட்டால் அது ‘என்ன சொல்ல வருகிறாய்?’ என்பதுதான், கொஞ்சம் எரிச்சலும் கலந்திருக்கலாம்.

வடிவங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கெட், காட், காட். அமெரிக்க ஆங்கிலத்தில் மூன்றாம் வடிவம் ‘காட்டன்’, பருத்தித் துணிக்கும் இதற்கும் உறவில்லை. காட்டன் அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இங்கிலாந்திலிருந்து போன பழைய வடிவம். பிரிட்டனில் வழக்கொழிந்தது, அமெரிக்காவில் நிலைத்தது. பிரிட்டனிலும் ‘ஃபர்காட்டன்’ இன்றுவரை அப்படியே இருக்கிறது. அமெரிக்கர்கள் இரண்டு வடிவங்களையும் வைத்துக்கொண்டு ஒரு நுட்பமான வேலை செய்கிறார்கள். ‘ஐவ் காட் அ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது. ‘ஐவ் காட்டன் அ கார்’ என்றால் கார் வாங்கிவிட்டேன். பிரிட்டிஷ் பேச்சில் இரண்டுக்கும் ‘ஐவ் காட்’தான், சூழலை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

‘ஹேவ் காட்’ பார்ப்பதற்கு முடிந்துபோன வினை மாதிரி இருந்தாலும் பொருள் நிகழ்காலம்: ‘வாங்கி வைத்திருக்கிறேன்’ என்பது தேய்ந்து ‘இருக்கிறது’ ஆகிவிட்டது. கேள்வியாக்கும்போது ‘ஹேவ் யூ காட் அ பென்?’ என்றோ ‘டூ யூ ஹேவ் அ பென்?’ என்றோ கேட்கலாம். இரண்டையும் கலந்து ‘டூ யூ காட்’ என்று கேட்பது தரமான ஆங்கிலத்தில் சேராது. கடந்த காலத்துக்கு வெறும் ‘ஹேட்’ போதும்.

கடைசியாக, எழுத்தில் கெட்டைப் பயன்படுத்தலாமா என்பது. பள்ளிக்கூடத்தில் சில ஆசிரியர்கள் கட்டுரையில் கெட்டைக் கண்டாலே சிவப்பு மையால் சுழிப்பார்கள். அது மிகை. ஆனால் விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை, சட்டக் கடிதம் போன்றவற்றில் கெட் கொஞ்சம் வீட்டு உடையில் வந்து நிற்பது போல இருக்கும் என்பது உண்மைதான். அங்கே ரிசீவ், அப்டெய்ன், பிகம், அரைவ், அண்டர்ஸ்டாண்ட் என்று இடத்துக்குத் தக்க வினையைப் போடுங்கள். ‘ஐ காட் யுவர் லெட்டர்’ நண்பருக்கு, ‘ஐ ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர்’ நிறுவனத்துக்கு. மறுபக்கமும் உண்டு: சகஜமான பேச்சில் ‘ஐ ரிசீவ்ட் அ கோல்ட்’, ‘ஐ அப்டெய்ன்ட் சம் மில்க்’ என்றால் சுற்றி இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சளிக்கும் பாலுக்கும் கெட்டே போதும்.